வில்லை ஒட்டிய அட்டை: மக்கள்நல அரசின் ஜெர்மானியத் தொடக்கம்

நோயோ விபத்தோ முதுமையோ ஒரு தொழிலாளியின் கூலியை நிறுத்திவிடும்போது அவரையும் அவர் குடும்பத்தையும் தாங்கும் ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் கட்டாயச் சட்டமாக முதலில் இயற்றிய பெரிய நாடு ஜெர்மனி. 1883-இல் நோய்க் காப்பீட்டுச் சட்டமும், 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், 1889-இல் முதுமை மற்றும் உடல்தளர்ச்சிக் காப்பீட்டுச் சட்டமும் அங்கே நிறைவேறின. மக்கள்நல அரசு என்று பின்னாளில் பெயர்பெற்ற அமைப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த மூன்று சட்டங்களிலிருந்தே தொடங்குகின்றனர். தொழிலாளியும் முதலாளியும் கூலிக் கணக்கிலிருந்து சந்தா செலுத்தி, அந்தச் சந்தாவின் பேரில் உரிமையாகப் பயன் பெறும் முறைக்குப் பொருளியல் நூல்கள் பிஸ்மார்க் முறை என்றே பெயரிட்டுள்ளன. ஆனால் அந்த முறையின் முக்கியமான உறுப்புகள் பலவும் பேரரசின் தலைமை அமைச்சராக இருந்த ஓட்டோ ஃபொன் பிஸ்மார்க்கின் விருப்பத்துக்கு மாறாக, நாடாளுமன்றமும் அவருடைய அதிகாரிகளும் புகுத்தியவை என்பது அந்தச் சட்டங்களின் முன்வரைவுகளையும் இறுதி வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போருக்குத் தெளிவாகத் தெரியும்.

இச்சட்டங்களுக்கு முன் ஐரோப்பாவில் இருந்தது ஏழை நிவாரணம் என்னும் ஏற்பாடு. இங்கிலாந்தின் 1601-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே வரி விதித்துக் காக்க வேண்டும் என்றது. 1834-ஆம் ஆண்டுச் சட்டமோ உதவி வேண்டுவோரை உழைப்பு விடுதி என்னும் கடுமையான இடத்துக்குள் வரச் செய்து, உதவி கேட்கவே அஞ்சும்படி செய்தது. பிரஷ்யாவின் 1794-ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத் தொகுப்பு, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத குடிமக்களுக்கு உணவளிப்பது அரசின் கடமை என்று எழுதியிருந்தபோதிலும், நடைமுறையில் அந்தக் கடமை ஊராட்சிகளின் தலையிலேயே விழுந்தது. நிவாரணம் பெற்றவர் அதற்காகக் கொடுத்த விலை சிறிதன்று. ஜெர்மன் பேரரசில் 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. எனினும் பொதுப் பணத்திலிருந்து ஏழை நிவாரணம் பெறுபவரும், தேர்தலுக்கு முந்தைய ஓராண்டுக்குள் அதைப் பெற்றவரும் வாக்களிக்க முடியாது. காய்ச்சலில் ஒரு மாதம் படுத்து, ஊராட்சியிடம் கைநீட்டிய ஒரு நெசவாளி குணமடைந்து தறிக்குத் திரும்பும்போது தம் குடியுரிமையின் ஒரு பகுதியை இழந்தே திரும்பினார்.

வேறு வழியே இல்லாமல் இருந்ததும் அன்று. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் இடைக்காலத்திலிருந்தே தங்களுக்குள் உதவி நிதியங்களை நடத்திவந்தனர். 1854-இல் பிரஷ்ய அரசு அவற்றைக் கட்டாயமாக்கி, சுரங்க உரிமையாளரும் சந்தாவில் பங்கேற்கச் செய்தது. கைத்தொழிலாளர் சங்கங்களுக்கும் இதுபோன்ற நிதியங்கள் இருந்தன. எஸ்ஸன் நகரின் க்ரூப் எஃகு ஆலை போன்ற பெரிய நிறுவனங்கள் தம் ஆட்களுக்கென்று நோய்க்கால நிதியங்களை நடத்தின. பின்னால் வந்த சட்டங்கள் வெற்றிடத்தில் எழுந்தவை அல்ல. பல இடங்களில் அவை ஏற்கெனவே இருந்த நிதியங்களைப் பொறுக்கியெடுத்து ஒரே சட்டத்துக்குள் அடுக்கியவையே.

அரசைச் செயலில் இறக்கிய உடனடிக் காரணம் ஆலை விபத்துகள். 1871-ஆம் ஆண்டின் பொறுப்புடைமைச் சட்டம் ரயில்வே விபத்துகளுக்கு ரயில் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. ஆனால் சுரங்கத்திலும் ஆலையிலும் குவாரியிலும் காயம்பட்டவர் இழப்பீடு பெற வேண்டுமானால், தவறு முதலாளியின் மேற்பார்வையாளருடையது என்பதை நீதிமன்றத்தில் தாமே நிறுவ வேண்டியிருந்தது. இயந்திரத்தில் கை சிக்கியவருக்கு உடன் வேலைசெய்தவர்களே சாட்சிகள். அவர்களோ அதே ஆலையில் மறுநாளும் கூலிக்கு நிற்க வேண்டியவர்கள். முதலாளிகள் பலர் தனியார் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசி எடுத்திருந்ததால், எதிர்த்து வாதாட வந்தது பெரும்பாலும் அந்த நிறுவனங்களின் வழக்கறிஞர்களே. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. தொழிலாளிக்குக் கசப்பும் முதலாளிக்கு முன்கூட்டிக் கணக்கிட முடியாத செலவும் மிஞ்சின. இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று கேட்டவர்களுள் போக்கும் எஃகு ஆலையின் தலைவரான லூயி பாரே என்பவரும் ஒருவர் என்பதும், அரசின் கேட்புக்கிணங்க அவர் தந்த வரைவே விபத்துக் காப்பீட்டுச் சட்டத்துக்கு முதல் அடிப்படையாக அமைந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. தொழிலாளிக்கு ஆதரவான சட்டத்தைத் தொழிலதிபர் கேட்டது கருணையால் அன்று; பொறுப்பைப் பலர்மீது பரப்பினால் தம் சுமை குறையும் என்ற கணக்கால்.

பிஸ்மார்க்கின் கணக்கு வேறு. 1873-இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் தொழில் மந்தம் நீடித்தது. 1875-இல் கோத்தா நகரில் இரண்டு தொழிலாளர் கட்சிகள் இணைந்து ஒரே சோஷலிசக் கட்சியாகி, 1877 தேர்தலில் நூற்றுக்கு 9 வாக்குகளைப் பெற்றன. 1878 மே, ஜூன் மாதங்களில் பேரரசர் முதலாம் வில்ஹெல்மைச் சுட்டுக்கொல்ல இரு முயற்சிகள் நடந்தன. சுட்டவர்களுக்கும் கட்சிக்கும் தொடர்பு நிறுவப்படாதபோதிலும், பிஸ்மார்க் அந்த அச்சத்தைப் பயன்படுத்தி அதே ஆண்டு அக்டோபரில் சோஷலிச எதிர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கட்சியின் சங்கங்களும் கூட்டங்களும் பத்திரிகைகளும் தடைசெய்யப்பட்டன. அதன் ஊழியர்கள் பெர்லின் முதலிய நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தேர்தலில் நிற்பதும் நாடாளுமன்றத்தில் பேசுவதும் மட்டும் தடைப்படவில்லை. அடக்குமுறை ஒன்றே போதாது, தொழிலாளிக்கு அரசிடமிருந்து கண்ணுக்குத் தெரியும் நன்மை ஒன்றும் கிடைக்க வேண்டும் என்று பிஸ்மார்க் கருதினார். சிறிதளவேனும் ஓய்வூதியம் எதிர்பார்த்திருப்பவர் அரசு கவிழ்வதை விரும்பமாட்டார் என்ற எண்ணத்தை அவர் மறைத்ததுமில்லை.

இந்த இடத்தில் அவருடைய பரிவின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஆலைகளில் வேலை நேரத்தை வரையறுப்பதற்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தடுப்பதற்கும், ஆய்வாளர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தருவதற்கும் வந்த யோசனைகளை அவர் தொடர்ந்து தடுத்தார். பொமரேனியாவில் வர்சின் என்னும் ஊரில் அவருக்கிருந்த பண்ணையில் காகித ஆலைகள் இயங்கின. அரசு ஆய்வாளர் ஆலைக்குள் நுழைந்து கேள்வி கேட்பது முதலாளிக்கு எப்படியிருக்கும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. கை துண்டிக்கப்பட்ட பின் உதவித்தொகை தரலாம், துண்டிக்கப்படாமல் தடுக்க இயந்திரத்துக்குத் தடுப்பு போடச் சொல்லக்கூடாது என்பதே அவர் நிலைப்பாட்டின் சாரம். வணிக அமைச்சகத்தில் இந்தக் காப்பீட்டுச் சட்டங்களின் தொடக்க வரைவுகளை எழுதிய அதிகாரி தியோடோர் லோமன் இதற்கு நேரெதிரான கருத்துடையவர். தொழிலாளர் பாதுகாப்பே முதன்மை என்றும், நிதியங்களைத் தொழிலாளர்களே நடத்தினால்தான் அவர்கள் பொறுப்புள்ள குடிமக்களாவர் என்றும் நம்பியவர். 1883-இல் அவர் பிஸ்மார்க்கை விட்டு விலகினார்.

1881 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தின் முன் வந்த முதல் விபத்துக் காப்பீட்டு மசோதாவில் பிஸ்மார்க்கின் உள்ளக்கிடக்கை அப்படியே வெளிப்பட்டது. பேரரசே ஒரு காப்பீட்டு வங்கியை நடத்தும். ஆண்டுக்கு 750 மார்க்குக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர் சந்தா எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அவருக்கான சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கை முதலாளியும் ஒரு பங்கைப் பேரரசும் செலுத்தும். உதவி அரசின் கையிலிருந்து வருகிறது என்பது தொழிலாளியின் கண்ணில் பட வேண்டும், அவரிடமே பிடித்தம் செய்து அவருக்கே திருப்பித் தந்தால் நன்றி எங்கிருந்து பிறக்கும் என்பது பிஸ்மார்க்கின் வாதம். இதை எதிர்த்தவர்கள் ஒரே அணியினர் அல்லர். ஆய்கன் ரிக்டர் தலைமையிலான இடதுசாரி லிபரல்கள் இது அரசு சோஷலிசம் என்றனர். லுட்விக் விண்ட்ஹோர்ஸ்ட் வழிநடத்திய கத்தோலிக்கக் கட்சி, தேவாலயத்தோடு மோதிய ஒரு பேரரசின் கையில் மேலும் அதிகாரம் குவிவதை விரும்பவில்லை. மாநிலங்களோ பெர்லினில் புதிதாக ஒரு பெரிய வங்கி எழுவதைச் சந்தேகத்தோடு பார்த்தன. நாடாளுமன்றம் அரசின் மானியத்தை நீக்கிவிட்டு மசோதாவை நிறைவேற்ற, பிஸ்மார்க் அந்த வடிவத்தை ஏற்காமல் மாநிலப் பிரதிநிதிகளின் மேலவையில் அதை வீழ்த்தினார்.

அவ்வாண்டு அக்டோபர் தேர்தலில் அரசுக்கு ஆதரவான கட்சிகள் பின்னடைந்தன. நவம்பர் 17 அன்று, உடல்நலமின்றி இருந்த பேரரசருக்குப் பதிலாக பிஸ்மார்க் நாடாளுமன்றத்தில் அரசச் செய்தியைப் படித்தார். சமூகக் குறைகளை அடக்குமுறையால் மட்டும் தீர்க்க முடியாது, தொழிலாளரின் நலனை வளர்ப்பதும் வேண்டும் என்று அது அறிவித்தது. ஜெர்மானியச் சமூகக் காப்பீட்டின் பிறப்புச் சான்றாக இன்றும் போற்றப்படுவது இதுவே. செலவுக்குப் பணம் தேட அவர் வகுத்த வழி, புகையிலை வாணிபம் முழுவதையும் பேரரசின் ஏகபோகமாக்குவது. 1882-இல் நாடாளுமன்றம் அதைப் பெரும்பான்மையால் நிராகரித்தது. பணத்துக்கான சொந்த ஊற்று கிடைக்காமற்போனதால், சந்தாவை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லாமற்போயிற்று. பிஸ்மார்க் முறையின் அடையாளமாக இன்று சுட்டப்படும் சந்தாக் கொள்கை இவ்வாறு ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது.

1883 ஜூன் 15 அன்று கையெழுத்தான நோய்க் காப்பீட்டுச் சட்டம் பிஸ்மார்க்கின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. அதைத் தம் சொந்தப் பிள்ளையாக அவர் கருதியதே இல்லை. அதனால்தானோ என்னவோ, மூன்றிலும் இதுவே ஆழமாக வேரூன்றியது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளியுடையது, ஒரு பங்கு முதலாளியுடையது. நோயுற்றவருக்கு மருத்துவரும் மருந்தும் இலவசம். வேலைக்குப் போக முடியாதபோது மூன்றாம் நாள் முதல் கூலியில் பாதி, 13 வாரங்கள் வரை கிடைக்கும். நிதியத்தின் உறுப்பினராக இருந்த பெண்களுக்குப் பேறுகாலத்தில் மூன்று வாரங்கள் உதவித்தொகை. இறந்தால் நாள் கூலியைப் போல் 20 மடங்கு ஈமச் செலவுக்கு. வட்டார நிதியம், ஆலை நிதியம், கைத்தொழில் சங்க நிதியம், தொழிலாளர் தாமே அமைத்த தன்னார்வ நிதியம், இவை எவற்றிலும் சேராதோருக்கு ஊராட்சி ஏற்பாடு என நிதியங்கள் பலவகை. 1885-இல் ஏறத்தாழ 19,000 நிதியங்களில் 43 லட்சம் பேர் உறுப்பினராக இருந்தனர். பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் பெரும்பாலும் இந்த வட்டத்துக்கு வெளியே நின்றனர். சட்டத்தின் ஒரு சிறு விதி இங்கே முக்கியம்: நிதியத்திலிருந்து பெறும் உதவி ஏழை நிவாரணம் ஆகாது. காய்ச்சலில் படுத்த நெசவாளி இனி தம் வாக்கை இழக்கவில்லை.

சந்தா எந்த விகிதமோ நிர்வாகமும் அதே விகிதம் என்பதால், வட்டார நிதியங்களின் நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு இடம் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. ஆள்வோர் இதன் விளைவை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

1884 ஜூலை 6-ஆம் நாளின் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் மூன்றாம் முயற்சியில் நிறைவேறியது. அரசு வங்கியும் அரசு மானியமும் போய், முதலாளிகள் மட்டுமே சந்தா செலுத்தி, தொழில்வாரியாக அமைத்த சங்கங்களின் வழியே நடத்தும் ஏற்பாடு வந்தது. யாருடைய தவறு என்ற கேள்வியே நீக்கப்பட்டது; முதல் 13 வாரங்களை நோய்க்கால நிதியம் கவனிக்க, 14-ஆம் வாரம் முதல் விபத்துச் சங்கம் பொறுப்பேற்றது. முழுதும் முடமானவருக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கும், இறந்தவரின் மனைவிக்கு 20 விழுக்காடும் உதவித்தொகை ஆயின. ஆனால் முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்கும் உரிமையைத் தொழிலாளி பெரும்பாலும் இழந்தார்.

1889-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிஸ்மார்க் தாம் விரும்பியதில் ஒரு துண்டையாவது பெற்றார்: ஒவ்வோர் ஓய்வூதியத்துக்கும் பேரரசு ஆண்டுக்கு 50 மார்க் சேர்க்கும். மீதி, தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகச் செலுத்தும் சந்தா. தொழிலாளர்கள் ஆண்டு வருமானப்படி நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். 350 மார்க் வரை பெறுவோர் முதல் வகுப்பு, 850 மார்க்குக்கு மேல் பெறுவோர் நான்காம் வகுப்பு. வாரச் சந்தா முறையே 14, 20, 24, 30 ஃபென்னிக் (நூறு ஃபென்னிக் ஒரு மார்க்). இந்தச் சந்தாவைப் பணமாக யாரும் கட்டவில்லை. அஞ்சலகத்தில் வாங்கிய வில்லையை, அதாவது ரசீதுக்கு ஒட்டும் வருவாய் வில்லை போன்ற சிறு தாளை, முதலாளி தொழிலாளியின் அட்டையில் வாரம் ஒன்றாக ஒட்ட வேண்டும். தொழிலாளியின் பாதியைக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். பழைய வேலைப் புத்தகங்களில் முதலாளிகள் எழுதிய நடத்தைக் குறிப்பால் வேலை கிடைக்காமல் அலைந்தவர்களின் அனுபவம் நாடாளுமன்றத்தில் மறக்கப்படவில்லை. ஆகவே இந்த அட்டையில் தொழிலாளியின் நடத்தையையோ திறமையையோ பற்றி எதையும் எழுதக்கூடாது என்று சட்டமே தடுத்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கும் இச்சட்டம் பொருந்தியதால், நடுத்தரக் குடும்பத்து இல்லத்தரசிகளும் வில்லை வாங்கி ஒட்ட நேர்ந்தது. ஒட்டும் சட்டம் என்று மக்கள் அதைக் கேலிபேசினர்.

47 வாரச் சந்தா ஓராண்டாகக் கொள்ளப்பட்டது. முதுமை ஓய்வூதியம் பெற 30 ஆண்டுச் சந்தாவும் 70 வயதும் வேண்டும். உடல்தளர்ந்து உழைக்க இயலாதவருக்கு ஐந்தாண்டுச் சந்தா போதும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். முப்பது ஆண்டுகளில் ஒட்ட வேண்டிய வில்லைகள் 1,410. முதல் வகுப்பினருக்கு வில்லை ஒன்றுக்கு 4 ஃபென்னிக் வீதம் 56 மார்க் 40 ஃபென்னிக்கும், அரசின் 50 மார்க்கும் சேர்ந்து ஆண்டுக்கு 106 மார்க் 40 ஃபென்னிக். நான்காம் வகுப்பினருக்கு 10 ஃபென்னிக் வீதம் 191 மார்க். எந்த வகுப்பிலும் இது தனித்து வாழப் போதாத தொகை. மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கும் முதியவர் குடும்பத்துக்குத் தரும் பங்கு என்ற அளவே. ஆலைத் தொழிலாளருள் 70 வயதைத் தொட்டவர் சிலரே என்பதால், காலப்போக்கில் உடல்தளர்ச்சி ஓய்வூதியமே அதிகம் பேருக்குப் பயன்பட்டது. 65 வயது என்னும் ஓய்வு வரம்பு பிஸ்மார்க் வகுத்தது என்று அடிக்கடி எழுதப்படுவது பிழை. அந்த வரம்பு 1916-இல், உலகப் போரின் நடுவே, அவர் இறந்து 18 ஆண்டுகள் கழித்து வந்தது. 1889-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் 185-க்கு 165 என்ற மிகக் குறுகிய பெரும்பான்மையில் தப்பியது. சோஷலிசக் கட்சியினர் மூன்று சட்டங்களுக்கும் எதிராகவே வாக்களித்தனர்.

அரசியல் நோக்கில் பார்த்தால் திட்டம் தோற்றது. 1890 பிப்ரவரித் தேர்தலில் தடைசெய்யப்பட்ட சோஷலிசக் கட்சி நூற்றுக்கு ஏறத்தாழ 20 வாக்குகளைப் பெற்று, வாக்கு எண்ணிக்கையில் முதலிடத்துக்கு வந்தது. மார்ச்சில் பிஸ்மார்க் பதவி இழந்தார். செப்டம்பரில் சோஷலிச எதிர்ப்புச் சட்டம் காலாவதியானது. ஓய்வூதியச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1891 ஜனவரி 1 அன்று அவர் ஆட்சியில் இல்லை. அதைவிட விந்தையானது நிதியங்களின் கதை. முதலில் வட்டார நிதியங்களைப் புறக்கணித்துத் தன்னார்வ நிதியங்களில் ஒதுங்கிய சோஷலிசத் தொழிலாளர்கள், 1892-இன் சட்டத் திருத்தத்துக்குப் பின் வட்டார நிதியங்களுக்குள் நுழைந்து, மூன்றில் இரண்டு இடங்களின் பலத்தால் அவற்றின் நிர்வாகத்தையே கைப்பற்றினர். போராட்டத்தால் ஆலைகளில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் அங்கே கணக்கர்களும் செயலர்களும் ஆயினர். கட்சியை அழிக்க வந்த அரசு அதன் ஊழியர்களுக்குக் கணக்கும் நிர்வாகமும் பேரமும் கற்றுத் தந்தது. பேரம் பெரும்பாலும் மருத்துவர்களோடு. நிதியங்கள் தரும் கட்டணம் போதாது என்று 1900-இல் லைப்சிக் நகரில் மருத்துவர்கள் தனிச் சங்கம் கண்டு, பலமுறை வேலைநிறுத்தம் செய்து, 1913 டிசம்பரில்தான் உடன்பாட்டுக்கு வந்தனர். 1912 தேர்தலில் அதே சோஷலிசக் கட்சி, இப்போது சமூக ஜனநாயகக் கட்சி என்ற பெயரில், 397 இடங்களில் 110-ஐ வென்றது.

எல்லா நாடுகளும் இதே வழியில் செல்லவில்லை. டென்மார்க் 1891-இலும் நியூசிலாந்து 1898-இலும் சந்தாவே இல்லாமல் வரிப்பணத்திலிருந்து முதியோர் ஓய்வூதியம் தந்தன. பிரிட்டன் 1908-இல் அவ்வழியையே பின்பற்றி, 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜ் ஜெர்மனிக்குச் சென்று அங்குள்ள ஏற்பாட்டைப் பார்த்துத் திரும்பினார். 1911-இன் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில் தொழிலாளி 4 பென்னியும் முதலாளி 3 பென்னியும் அரசு 2 பென்னியும் செலுத்த, அட்டையும் வில்லையும் கடல் தாண்டின; வேலைக்காரிக்காக வில்லை ஒட்டமாட்டோம் என்று உயர்குடிப் பெண்கள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கூட்டம் போட்டனர். ஜெர்மனியில் இல்லாத வேலையின்மைக் காப்பீட்டையும் பிரிட்டன் அச்சட்டத்தில் சில தொழில்களுக்குச் சேர்த்தது. அதை ஜெர்மனி 1927-இல்தான் எட்டியது.

இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தனித்தனி முதலாளியை மட்டும் பொறுப்பாக்கியது. பேராசிரியர் பி. பி. அடர்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமே, அதாவது இ.எஸ்.ஐ. சட்டமே, சந்தாவின் பேரில் உரிமை என்னும் முறையை இங்கே கொண்டுவந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் அது தொடங்கியது. 2019 ஜூலை முதல் அதில் முதலாளியின் பங்கு கூலியில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு; மிகக் குறைந்த தினக்கூலி பெறுவோர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. 1881-இல் பெர்லின் நாடாளுமன்றத்தில் தோற்ற மசோதாவில் ஏழைத் தொழிலாளிக்குப் பிஸ்மார்க் கேட்டிருந்த விலக்கும் ஏறத்தாழ இதுதான்.